கரண்ட் போதுமா, கை வைக்க வேண்டுமா: தோள் இறுக்கத்தில் தொடங்கிய இழை

ஜனவரி 6 (கோபியிலிருந்து ஒரு வாசகர்)

எங்கம்மாவுக்கு 56 வயசுங்க, சர்க்கரை இருக்கு. நாலு மாசமா வலது தோள் இறுகிப்போச்சு. கொண்டை போட முடியல, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல, ராத்திரி அந்தப் பக்கம் சாஞ்சு படுக்க முடியல. ஒரு இடத்துல பத்து நாள் கரண்ட் மட்டும் வச்சாங்க, யாரும் தொட்டுக்கூடப் பார்க்கல. இன்னொரு இடத்துல எலும்பு விலகியிருக்குன்னு சொல்லிக் கையைப் புடிச்சு ஒரே இழுவையா இழுத்துட்டாங்க. ரெண்டு நாள் அழுதுட்டே இருந்தாங்க. என் முடிவு இதுதான்: கையில செய்யற ஃபிசியோ எல்லாம் சும்மா. ஊசி போட்டுட்டு வீட்டுல எக்சர்சைஸ் செஞ்சாப் போதும். யாராச்சும் மறுக்கறீங்களா?

ஜனவரி 6, இரவு

பாதியை மறுக்கிறேன். ஊசியைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இரண்டு இடத்திலும் உங்கள் அம்மாவுக்கு நடந்ததைக் கைச்சிகிச்சை என்றே நான் சொல்ல மாட்டேன். முதல் இடத்தில் தொடவில்லை. இரண்டாவது இடத்தில் எதையும் தெரிந்துகொள்ளாமல் இழுத்திருக்கிறார்கள்.

பெருந்துறைப் பக்கம் சின்னதாக ஒரு ஃபிசியோ நிலையம் நடத்துகிறேன். தோள்வலி என்று யார் வந்தாலும் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். அவர் கையைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும், அசைப்பது நான் மட்டும். நல்ல தோள் அறுபது டிகிரி வாக்கில் போகும். இறுகிய தோள் இருபதிலேயே நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. வலிக்குப் பயந்து அவரே தசையை இறுக்கி நிறுத்துகிறாரா, தசை தளர்ந்திருக்கும்போதே உள்ளே ஏதோ கெட்டியாகப் பிடித்து நிறுத்துகிறதா? முதலாவது என்றால் பேசிப் பேசி, தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் இன்னும் கொஞ்சம் திரும்பும். இரண்டாவது என்றால் என்ன பேசினாலும் திரும்பாது.

அவர் அசைத்தாலும் போகவில்லை, நான் அசைத்தாலும் போகவில்லை என்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறை, அதாவது கேப்ஸ்யூல், சுருங்கியிருக்கிறது. நான் அசைத்தால் முழுதாகப் போகிறது, அவரால் மட்டும் தூக்க முடியவில்லை என்றால் தசைநாண் கிழிசலையோ நரம்பையோ தேட வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எந்த மெஷினும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

ஜனவரி 7

காலையில் படித்தபோது ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. வெளிப்பக்கத் திருப்பம் அடைபட்ட தோளுக்கு எக்ஸ்ரே ஒன்று கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானத்திலும் இதே அசைவு குறையும். இன்னொரு காரணமும் உண்டு: வலிப்பு வந்தவர்களுக்கும் கரண்ட் ஷாக் அடித்தவர்களுக்கும் மேல்கை எலும்பின் பந்து பின்பக்கமாக நழுவி மாட்டிக்கொள்ளலாம். நேராக எடுத்த படத்தில் அது எளிதில் கண்ணில் படாது, பக்கவாட்டிலும் ஒரு படம் வேண்டும். உண்மையிலேயே எலும்பு விலகுவது என்றால் இதுதான், அது எலும்பு டாக்டரின் வேலை. கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் கிட்டேயே போகக்கூடாது.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, வெளிப்பக்கத் திருப்பமும் அடைபட்டிருந்தால் உங்கள் அம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் ஃப்ரோஸன் ஷோல்டர்தான். உறை சுருங்கி இறுகிய தோளுக்கு 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் வைத்த பெயர் அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வரும், ஆற மெதுவாகும். சர்க்கரையே இல்லை என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒரு தோளோடு வருகிறவரை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன்.

ஜனவரி 9

ஒருவர் கேட்டிருக்கிறார்: “கை வைக்கிறதுன்னா எவ்வளவு அழுத்தம்? வலிச்சாத்தானே வேலை செய்யுது?”

இல்லைங்க. இந்த நம்பிக்கைதான் நம் ஊரில் நிறையத் தோள்களைக் கெடுத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் மூட்டசைவுச் சிகிச்சையை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படி, அசைவின் தொடக்கத்திலேயே மிகச் சின்ன ஆட்டம். இரண்டாவது, எதிர்ப்பு தொடங்கும் இடத்தைத் தொடாமல் பெரிய ஆட்டம். மூன்றாவது, எதிர்ப்புக்குள் நுழைந்து வெளியே வரும் பெரிய ஆட்டம். நான்காவது, எதிர்ப்புக்குள்ளேயே நின்றுகொண்டு சின்ன ஆட்டம். முதல் இரண்டும் வலிக்கு, பின் இரண்டும் இறுக்கத்துக்கு. விநாடிக்கு இரண்டு மூன்று ஆட்டம், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. அப்புறம் நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

எந்தப் படி என்பதை வலியின் குணம்தான் முடிவு செய்யும். நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “வலி கிளம்பினா அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுங்க?” மேல் பரணில் இருந்து டப்பாவை எடுத்தால் சுரீர் என்கிறது, கையை இறக்கியதும் போய்விடுகிறது என்பவருக்கு மூன்றாம், நான்காம் படி தாங்கும். சோற்றுப் பானையை இறக்கி வைத்தது விடியவிடியக் குத்துகிறது என்பவருக்கு முதல் படிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் அம்மா ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்கிறீர்கள், ஒரு இழுவைக்கு ரெண்டு நாள் வலித்திருக்கிறது. அது எரிகிற கட்டத்தில் இருக்கும் தோள். அந்த நேரத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் உறையின் அழற்சி இன்னும் கிளறப்படும்.

ஜனவரி 10

கோவையில் படிக்கும் மாணவி ஒருவர், மேல்கை எலும்பை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நார்வே ஃபிசியோ கால்டன்பார்ன் சொன்ன குழிவு குவிவு விதி பாடத்தில் வரும். பந்து குழியில் உருளும்போது எதிர்ப்பக்கம் வழுக்க வேண்டும், ஆகவே வெளிப்பக்கத் திருப்பம் வேண்டுமென்றால் பந்தை முன்பக்கம் தள்ளு என்பது அதன் கணக்கு. 2007இல் ஃப்ரோஸன் ஷோல்டர் உள்ளவர்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு வந்தது, இருபது பேர்தான். ஒரு குழுவுக்கு முன்பக்கம், இன்னொரு குழுவுக்குப் பின்பக்கம். வெளிப்பக்கத் திருப்பம் பின்பக்கம் தள்ளியவர்களுக்குச் சுமார் 31 டிகிரி கூடியது, முன்பக்கம் தள்ளியவர்களுக்கு வெறும் 3 டிகிரி. விதிப்படி நடந்திருக்க வேண்டியதற்கு நேர் எதிர். சுருங்கிய உறை பந்தை வேறு விதமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, நல்ல மூட்டுக்கு எழுதிய விதி அப்படியே பொருந்தாது.

சின்ன ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது “எப்போதும் பின்பக்கம்” என்ற புது விதியை அல்ல. ஒரு பக்கம் தள்ளு, கோணம் அளக்கும் கோனியாமீட்டரை வைத்து அள, மாறவில்லையா, மறுபக்கம் தள்ளிப் பார், மறுபடி அள. எந்தத் திசை என்பதை அந்தத் தோளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தேர்வில் மட்டும் விதியை எழுதிவிடுங்கள் அம்மிணி, மார்க் முக்கியம்.

ஜனவரி 12

“அப்புறம் ஏனுங்க எல்லா இடத்துலயும் கரண்டே வெக்கறாங்க?”

நேரம்தான் காரணம். ஒரே நேரத்தில் நாலு கட்டிலில் நாலு பேருக்கு ஐஎஃப்டி என்ற கரண்ட் மெஷினை வைத்துவிடலாம், கையால் நாலு பேரைப் பார்க்க முடியாது. கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தணிந்த நேரத்தில் அசைவுப் பயிற்சி நடந்தால் பலன் உண்டு. வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் சுருங்கிய உறை அப்படியேதான் இருக்கும். கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவருக்குப் பத்து நாளும் இதையே கொடுத்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

ஜனவரி 18

பொங்கல் முடிந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் வரிசையாக வருகிறார்கள்.

நான் அசைத்தால் முழுதாகப் போகும், அவரால் மட்டும் தூக்க முடியாது என்று ஜனவரி 6 குறிப்பில் சொன்ன வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு இவர்களிடம்தான் கிடைக்கும். அறுபது தாண்டிய ஒரு ஐயா, விட்டத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மறுநாளிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை. “தோள் இறுகிப்போச்சு, உருவி விடுங்க” என்றார். படுக்க வைத்து நான் தூக்கினேன், கை காதோரம் வரை தடையில்லாமல் போனது. உட்கார வைத்து அவரைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டையைக் குலுக்குகிறாரே தவிர கை எழவில்லை. முன்கையை வெளியே திருப்பி வைத்து நான் விட்டதும் அது தானாக உள்ளே விழுந்தது. இறுக்கமே இல்லாத தோளில் உருவி விட என்ன இருக்கிறது? தசைநாண் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்து ஸ்கேனுக்கும் எலும்பு டாக்டரிடமும் அனுப்பினேன். திடீரென்று வந்த கிழிசலை நாள் கடத்தக்கூடாது.

ஜனவரி 20

வாசகர்கள் பேச்சைத் தோளிலிருந்து முதுகுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். சரி, போவோம்.

சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்காரர்கள் அறுந்த பாவு நூலை முடிச்சுப் போடக் குனிந்தே நிற்பார்கள். சப்பையில் தொடங்கி கெண்டைக்கால் வரை இழுக்கிறது என்று வருவார்கள், கையில் எம்ஆர்ஐ, அதில் “டிஸ்க் பல்ஜ்”, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது என்று. அந்த வார்த்தையைப் பார்த்தே பாதி பேருக்கு வெசனம் பிடித்துவிடும். 2015இல் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. எந்த அசைவில் வலி கூடுகிறது, எந்த அசைவில் இடம் மாறுகிறது என்று பார்த்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம் வரும்.

நியூசிலாந்தின் ஃபிசியோ ராபின் மெக்கென்ஸி 1956இல் தற்செயலாகக் கண்டது இது. கால்வலியோடு வந்த ஒருவரைப் படுத்திருக்கச் சொன்னார். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் அவர் குப்புறப் படுத்துவிட்டார், முதுகு பின்னால் வளைந்தபடி. மெக்கென்ஸி வந்து பார்த்தபோது காலில் இருந்த வலி போயிருந்தது. இன்றும் அதே சோதனைதான். குப்புறப் படுத்து, இடுப்பை மேசையில் விட்டு, கையை ஊன்றி மார்பை மட்டும் மேலே தூக்குவது. பத்துப் பத்துத் தடவையாகச் செய்து பார்க்கும்போது கெண்டைக்கால் வலி தொடைக்கு, தொடையிலிருந்து சப்பைக்கு, அங்கிருந்து கீழ்முதுகின் நடுவுக்கு ஏறினால் நல்ல அறிகுறி. அந்த நடு இடத்தில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இவர்களுக்கு நான் கை வைப்பது கடைசியில்தான். அவரே தள்ளி ஓரளவுக்கு மேல் போகவில்லை என்றால் இடுப்பில் என் கையால் ஒரு அழுத்தம் சேர்ப்பேன். அவராலேயே முடியும்போது நான் எதற்கு? தறி ஓட்டத்துக்கு நடுவில் அவரே நின்றபடி பின்னால் வளைந்துகொள்ளத் தெரிந்தால் அதுவே பெரிய வைத்தியம்.

ஜனவரி 21

மேலே உள்ளதை எல்லா முதுகுக்கும் பொருத்திவிடாதீர்கள். வயதானவர்களில் ஒரு வகை உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து இழுக்கும், திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். பின்னால் வளைந்தால் மோசமாகும். தண்டுவடக் குழாய் குறுகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். எப்படிப் பிரிப்பது? “சைக்கிள் ஓட்டுவீங்களா?” என்று கேட்பேன். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள். நடந்தால் வலி, சைக்கிளில் தோட்டம் வரை போனாலும் வலியில்லை என்றால் குழாய் குறுகல் பக்கம் யோசிப்பேன், குனிந்து ஓட்டும்போது இடம் கிடைக்கிறது. சைக்கிளிலும் கெண்டைக்கால் பிடிக்கிறது, இறங்கி நின்றாலே போதும், உட்கார வேண்டியதில்லை என்றால் ரத்தக்குழாய். பிறகு இரண்டு விரலைப் பாதத்தின் மேல் வைத்து நாடி பார்ப்பேன், இன்னொன்று உள் கணுக்காலுக்குப் பின்னால். நாடி தட்டவில்லை, பாதம் சில்லென்று இருக்கிறது, பீடியும் சர்க்கரையும் உண்டு என்றால் முதுகை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கை வைப்பது என்று நான் சொல்வதில் இதுவும் சேரும். எனக்குக் கேட்டால் இதுதான் முதலில் சேரும்.

உட்காரும் இடம் மரத்துப்போவது, மூத்திரம் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவை வந்தால் இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிதான். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் அடங்காத முதுகுவலி என்றால் முதுகெலும்பு டிபியை நினைக்க வேண்டும்.

ஜனவரி 23

இரண்டு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: சலூனில் முடி வெட்டியதும் பொடனியைத் திருப்பி நெட்டி எடுப்பது நல்லதா?

வேண்டாம். ‘சடக்’ சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் என்று நம்புகிறோம். 2015இல் விரல் மூட்டை இழுத்து எம்ஆர்ஐக்குள் நேரடியாகப் பார்த்தார்கள். மூட்டு நீரில் ஒரு வாயு இடைவெளி உருவாகும்போது அந்தச் சத்தம் வருகிறது. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அரிது, ஆனால் ஒரு நிமிடச் சுகத்துக்கு அந்த விலை எதற்கு?

இதோடு சேர்ந்தது இன்னொன்று. “நாலாவது எலும்பு இடப்பக்கம் விலகியிருக்கு” என்று விரலால் தடவிச் சொல்கிறவர்கள் ஃபிசியோக்களிலும் உண்டு. தடவி எந்த எலும்பு சரியாக அசையவில்லை என்று சொல்வதில் இரண்டு தேர்ந்த கைகள்கூட ஒத்துப்போவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அழுத்தும்போது எங்கே வலிக்கிறது என்பதில் ஒற்றுமை கொஞ்சம் அதிகம். ஆகவே நான் விலகலைத் தேடுவதில்லை. “இங்கீங்களா? உங்க வலி இதேதானுங்களா?” என்று கேட்கிறேன்.

ஜனவரி 26

திருப்பூர் கட்டிங் மாஸ்டர் ஒருவர் முழங்கையின் வெளிப்பக்க வலிக்குக் கேட்டிருந்தார். கத்தரி பிடித்தால் உயிர் போகிறதாம்.

இங்கேதான் கையின் பலனை உடனே காட்ட முடியும். நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் சொல்லிக்கொடுத்த முறை: முன்கை எலும்பை முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே அவரை முஷ்டி இறுக்கச் சொல்ல வேண்டும். பிடிப்பு சரியாக இருந்தால் வலியில்லாமல் இறுக்குவார். வலித்தால் திசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். எப்படி மாற்றியும் வலிக்கிறது என்றால் அது அவருக்கான வைத்தியம் இல்லை, விட்டுவிட வேண்டும். வலியில்லாமல் இறுக்க முடிந்தவருக்கு அன்றிலிருந்தே தசைநாணைப் பலப்படுத்தும் பயிற்சியைத் தொடங்கலாம். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்குவது போதும்.

ஊசி கேட்டிருந்தார். இந்த இடத்துக்கு ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்தில் அருமையாகத் தெரியும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிடப் பின்தங்குகிறார்கள் என்பது ஆய்வில் வந்தது. தோள் வேறு, முழங்கை வேறு. ஒரே ஊசி என்று நினைக்கக்கூடாது.

ஜனவரி 29

கோபி நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே சுத்தம், டாக்டர் ஃப்ரோஸன் ஷோல்டர் என்று உறுதி செய்து ஊசிக்கு நாள் குறித்திருக்கிறார். “ஊசிதானே ஜெயிச்சுது?” என்கிறார்.

ஊசி போடுங்கள். எரிகிற கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு வலியை நன்றாகக் குறைக்கும். சில நாள் சர்க்கரை ஏறும், மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஊசியோடு சேர்ந்த ஃபிசியோ, மயக்கம் கொடுத்துக் கையை அசைப்பது, கேமரா வைத்து உறையை வெட்டி விடுவது மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று வரவில்லை. அதில் ஃபிசியோ குழுவுக்கு ஊசியும் இருந்தது, கைச்சிகிச்சையும் இருந்தது, வீட்டுப் பயிற்சியும் இருந்தது. தனித்தனியாகப் பிரித்து எது ஜெயித்தது என்று கேட்க அதில் இடமில்லை.

அம்மாவுக்கு வீட்டில் இரண்டே பயிற்சி. பத்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒன்று, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு தூரி ஆடுவது போல ஆட்டுவது. கை தானாக ஆட வேண்டும், உடம்பு அசைந்தால் போதும். இரண்டு, மல்லாந்து படுத்து ஒரு குச்சியை இரண்டு கையிலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுவது. முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. இழுப்பு தெரியலாம், செய்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட வேண்டும். ராத்திரி வலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

ராத்திரித் தூக்கம் திரும்பியதும் ஒரு ஃபிசியோவிடம் போங்கள். போன முதல் நாள் அளக்கிறார்களா என்று பாருங்கள். கை வைப்பதற்கு முன்னால் ஒரு அளவு, வைத்த பிறகு அதே அசைவில் ஒரு அளவு. நாலைந்து முறை போயும் அந்த எண் மாறவில்லை என்றால் வழியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போக வசதி இல்லாவிட்டால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஃபிசியோ பார்க்கிறார்கள். அம்மா நடமாடுகிறார் என்பதால் அங்கேயே வரச் சொல்லலாம்.

பிப்ரவரி 3

கடைசியாக வந்த கேள்வி கரண்டைக்கால் சுளுக்கு. பையன் கபடியில் விழுந்திருக்கிறான். பாட்டி விளக்கெண்ணெய் போட்டு வழிக்கலாமா?

வழிக்கும் முன் நாலு இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளிக் கணுக்கால் எலும்பின் நுனியும் பின் ஓரமும், உள் கணுக்கால் எலும்பில் அதே போல, பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி, பாதத்தின் உள் மேட்டில் இருக்கும் எலும்பு. அந்த எலும்பின் மேலேயே வலித்தாலோ, விழுந்தவுடனும் இப்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதி இது, பெரியவர்களை வைத்து உருவானது. சின்னப் பையன் என்றால், எலும்பு வளரும் இடம் மென்மையானது, சந்தேகம் இருந்தாலே படம் எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லை, நொண்டியாவது நடக்கிறான் என்றால் பாட்டி எண்ணெய் போடட்டும், வீக்கத்தின் மேல் அழுத்தாமல். அவன் எத்தனை அடி நடந்தான் என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.